கடைசித் திரையில் நாற்பது நிமிடம்

அலுவலகத்தில் அவளுக்கு நூலளவு என்று பெயர். அன்பாகத்தான் வைத்தார்கள், கொஞ்சம் கடுப்பும் கலந்திருந்தது. "இந்த எழுத்தை ஒரு நூலளவு மேலே ஏத்துங்க", "இந்த நீலம் ஒரு நூலளவு வெளுக்கட்டும்" என்று அவள் சொல்லாத நாளில்லை. ஆன்லைன் பாடங்களுக்குத் திரை வடிவமைப்பது அவள் வேலை. பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று வேறு யாரோ எழுதித் தருவார்கள். அது எந்த நிறத்தில், எந்த இடத்தில், எவ்வளவு மூச்சுவிட இடத்தோடு நிற்க வேண்டும் என்பதை அவள் முடிவு செய்வாள். அந்த விஷயத்தில் முதலாளியின் பேச்சும் எடுபடாது.

அவளிடம் இன்னொரு குணமும் உண்டு. ஒரு திரை மனசுக்குப் பிடித்தபடி அமைந்துவிட்டால் அதற்குள்ளே போய்விடுவாள். கை மவுஸ் மேல் இருக்கும், கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டாள். வெளிர்நீலப் பின்னணி ஒரு அறையாகிவிடும். ஓரத்தில் விட்ட வெற்றிடத்தில் வெறுங்காலோடு நடப்பாள். எங்கிருந்தோ வெளிச்சம் வந்து பாதத்தின் மேல் விழும். யாராவது "டீ ஆறுது" என்று தோளைத் தொட்டால்தான் திரும்பி வருவாள். "போயிட்டு வந்தாச்சா?" என்று கேலி செய்வார்கள். ஊமை கண்ட கனவை யாரிடம் சொல்வது? சிரித்துவிட்டு ஆறிய டீயைக் குடிப்பாள்.

அப்படி அவள் அடிக்கடி போய்வந்த பாடம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, கட்டி வைக்கிறவர்களுக்கானது. மொத்தம் பதின்மூன்று திரைகள். பன்னிரண்டு திரைகளில் கத்தரி, இடுக்கி, ரத்தக்கறை, கொதிநீராவி, நடுநடுவே கேள்விகள். நாளெல்லாம் இதையே பார்க்கிற கண்கள் பாவம், கடைசியிலாவது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பதின்மூன்றாவது திரை முழுக்க விடியற்காலைக் கடலை வைத்தாள். எழுத்து கிடையாது, கோடு கிடையாது. தண்ணீர், அதன் மேல் ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். முதல் பன்னிரண்டு திரைகளிலும் வலது மூலையில் 'அடுத்து' என்று ஒரு பட்டன் இருந்தது. கடலில் அதை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. தூங்குகிற குழந்தையின் மேல் அலாரம் கடிகாரத்தை வைத்த மாதிரி இருந்தது. அதனால் 'பாடத்தை முடித்தேன்' என்கிற பட்டனைக் கடலுக்குக் கீழே இறக்கிவிட்டாள். அவளுடைய மேஜையில் இருந்த பெரிய திரையில் கடல் முடிந்து, கரை மாதிரி கொஞ்சம் வெள்ளை இடம் விட்டு, பட்டனும் அழகாகத்தான் தெரிந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தக் கடலை அவள் எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

பாடம் வெளியாகி எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து பாய்ந்து வந்தார். பாடங்களுக்கு விருது கொடுக்கிற ஒரு அமைப்புக்கு அந்தப் பாடத்தை அவர் அனுப்பியிருந்தார். அதற்காகப் புள்ளிவிவரங்களைத் தோண்டிக்கொண்டிருந்தவருக்குப் புதையல் அகப்பட்டிருந்தது.

"நாப்பது நிமிஷம்!" என்றார். "கடைசித் திரையில ஜனங்க சராசரியா நாப்பது நிமிஷம் உக்காந்திருக்காங்க. எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? பாடம் முடிஞ்சும் உங்க கடலை விட்டு எழுந்து போக மனசு வரலையாம்!"

"எல்லாருமா சார்?"

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல பாக்கறவங்க. போன்ல பாக்கறவங்க மூணு செகண்ட்ல போயிடறாங்க. அவங்களுக்கு ரசனை பத்தாது. அதை விட்டுடலாம். சனிக்கிழமை வரைக்கும் நடுவர்கள் பாப்பாங்க. அதுவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது."

அன்று அவள் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினாள். முன்பின் தெரியாத பெண்கள் வரிசையாக அவளுடைய கடலின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் அந்த மங்கல் வெளிச்சம் விழுந்திருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

வீட்டில் காற்று வேறு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அவள், பஸ் ஓட்டுகிற அவள் கணவர், அவருடைய அக்கா, ஆக மூன்று பேர். இந்த நாத்தனார் ஆஸ்பத்திரியில் கருவி அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். ஐம்பத்தாறு வயது, கண்டிப்பான கை, காரமான வாய். நூற்று முப்பது கருவிகள் கலந்து கிடந்தாலும் தட்டில் எதெது குறைகிறது என்று சொல்லிவிடுவார். கத்தரி மேஜையில் விழுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கத்தரி என்பார். இரண்டு துணியில் சுற்றி, சூடுபட்டால் கறுக்கிற கோடுபோட்ட டேப்பை ஒட்டி, அதன் மேல் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டால், பெரிய டாக்டரும் பிரித்து எண்ணிப் பார்க்கமாட்டார். அந்தக் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

அப்படிப்பட்டவர் ஒரு மாதமாக வாடிக்கிடந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஏதோ ஒரு ஆன்லைன் பாடத்தை முடித்தாக வேண்டுமாம். இவரும் இரண்டு தடவை உட்கார்ந்து முடித்திருக்கிறார். இரண்டு தடவையும் மறுநாள் தலைமை நர்ஸ் கூப்பிட்டு, "நீங்க இன்னும் முடிக்கலன்னு காட்டுதே" என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவது தடவையும் முடித்தார். மூன்றாவது தடவையும் 'முடிக்கவில்லை'. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆகவில்லையென்றால் கருவி அறையிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் துணி பிரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். இதையெல்லாம் தம்பியிடம் அரைகுறையாகச் சொன்னாரே தவிர, உதவி என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. எந்தப் பாடம் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்டால் கிரீடம் இறங்கிவிடும்.

துணி பிரிக்கிற வேலையைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நாத்தனாரின் அம்மா கடைசி நான்கு வருஷம் எல்லாவற்றையும் மறந்து, பெற்ற பெண்ணையே "நீ யாரும்மா?" என்று கேட்டுப் போய்ச்சேர்ந்தவர். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது இந்த மகள்தான். 'முடித்தேன் என்று நினைக்கிறேன், ஆனால் முடிக்கவில்லை என்கிறார்கள்' என்பது அவருக்கு வேறு மாதிரிக் கேட்டது. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தார். சமையலறை டப்பாக்களில் சர்க்கரை, உப்பு என்று எழுதி ஒட்டினார். ஒரு நாள் பால் பொங்கி வழிந்தது. இன்னொரு நாள் சாவியை மாட்டாமல் கதவிலேயே விட்டுவிட்டார். யார் வீட்டில்தான் பால் பொங்கவில்லை? ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்று புதன்கிழமை கணவர் அவள் காதில் சொன்னார்.

"சும்மா இருங்க. அண்ணிக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். ஆனாலும் டப்பாக்களில் இருந்த கோணல்மாணல் எழுத்தைப் பார்த்துவிட்டு அவளும் போய் அடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை நாத்தனாருக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்தது. அவளும் தலைவலி என்று சீக்கிரம் வந்திருந்தாள். இருவரும் கூடத்தில் ஆளுக்கொரு பாயைப் போட்டுப் படுத்திருந்தார்கள். வெளியே யாரோ சைக்கிளில் போகிற சத்தம் தேய்ந்து போயிற்று. ஜன்னல் திரைச்சீலை வழியாக மஞ்சள் வெயில் நுழைந்து, இருவருக்கும் நடுவில் தரையில் படுத்துக்கொண்டது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை என்கிற அந்த நேரம், வாய்விட்டுப் பேசாதவர்களையும் பேச வைத்துவிடும்.

"உனக்கு ஒண்ணு சொல்லவா?" என்றார் நாத்தனார், கூரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தப் பாடம் கஷ்டம் இல்ல. கேள்வியெல்லாம் எனக்கு அத்துப்படி. கேள்வியைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பதிலைத் தட்டிடுவேன்."

"அப்புறம் எங்க அண்ணி சிக்கல்?"

"கடைசியில ஒரு கடல் வருது."

அவள் அசையாமல் படுத்திருந்தாள்.

"அவ்வளவு அழகா இருக்கும். ஆனா ஒண்ணுமே எழுதியிருக்காது. பாடம் முடிஞ்சுதுன்னு அதுவா ஏதாவது சொல்லும்னு உக்காந்திருப்பேன். அவசரப்பட்டு எதையாவது தட்டிக் கெடுத்துடக்கூடாதே. கையை மடியில வெச்சுப்பேன். பாத்துக்கிட்டே இருந்தா அலை நகர்ற மாதிரி இருக்கும். ஒரு தடவை சத்தம்கூடக் கேட்டுது, நம்பமாட்ட. முக்கால் மணி நேரம் ஆகும். அடுத்த ஆள் வந்து பின்னாடி நிப்பாங்க. சரி, முடிஞ்சுது போலன்னு மூடிட்டு வந்துடுவேன்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார், "மத்தவங்கள்லாம் முடிச்சுட்டாங்க. அவங்க போன்லயே பாத்துக்கிட்டாங்களாம். எனக்கு மட்டும்தான் புத்தி எங்கயோ நின்னுபோகுது."

வெயில் அங்கேயேதான் படுத்திருந்தது. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? ஆஸ்பத்திரியின் பழைய கம்ப்யூட்டர், குட்டைத் திரை. அதில் கடல் மட்டும்தான் அடங்கும். கரையும் பட்டனும் அடியில் எங்கோ கிடக்கும். கீழே தள்ளிப் பார்க்கலாம் என்று எப்படித் தோன்றும்? பன்னிரண்டு திரைகளில் ஒன்றைக்கூடத் தள்ள வேண்டியிருக்கவில்லையே. போனில் என்றால் விரல் பழக்கத்தில் தானாகவே தள்ளிவிடும். நாற்பது நிமிடம் என்று முதலாளி குதித்தாரே, அது ரசனை இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த நேரம்.

"அண்ணி, அங்க மவுஸ்ல கீழே தள்ளுங்க. ஒரு பட்டன் வரும். அதை அமுக்கினா முடிஞ்சுது." யார் அந்தப் பட்டனை அங்கே ஒளித்தது என்பதை விழுங்கிவிட்டாள். வேலை காப்பாற்றப்பட்டாயிற்று, அது போதாதா என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

நாத்தனார் எழுந்து உட்கார்ந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் இன்னும் சுருங்கியது.

"இவ்வளவுதானா?" என்றார். "ஒரு தடவை கீழே தள்ளியிருந்தா போதுமா? அதுகூட எனக்குத் தோணலையே."

அது போதாது என்பது மறுநாள் காலையில்தான் விளங்கியது. நாத்தனார் ஆறு மணிக்கே குளித்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பாடத்தை இன்று முடித்துவிடுவாராம்; முடித்த கையோடு, தன்னைத் துணிப் பிரிவுக்கு மாற்றும்படி தானே எழுதிக் கொடுத்துவிடுவாராம்.

"எதுக்கு அண்ணி? அதான் வழி தெரிஞ்சுபோச்சே!"

"கண்ணு முன்னாடி இருக்கிற பட்டனைக் கண்டுபிடிக்காத மண்டைக்கு, ஊசியை எண்ணத் தெரியுமா?" என்றார் நாத்தனார், நிமிராமல். "ஒரு இடுக்கியை விட்டுட்டு எண்ணிக்கை சரின்னு கையெழுத்துப் போட்டேன்னு வை. உள்ள படுத்திருக்கிறவன் கதி? எங்கம்மா என்னை யாருன்னு கேட்டப்போ நஷ்டம் எனக்கு மட்டும்தான். இது அப்படி இல்லம்மா."

அவள் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, "நானும் உங்ககூட வரேன்," என்றாள்.

பஸ்ஸில் நாத்தனாருக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து முதலாளிக்குப் போன் செய்தாள். முந்தின நாள் சாயங்காலமே வீட்டிலிருந்து அலுவலகப் பதிவுகளைத் திறந்து பார்த்திருந்தாள். கடைசித் திரை வரைக்கும் வந்து, முடிக்காமல் நின்றவர்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் பார்த்தவர்கள். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் தனித்தனியாகத் தங்களையே முட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

"சனிக்கிழமை தாண்டட்டுமே," என்றார் முதலாளி. "அந்தப் பட்டனை நடுவுல வெச்சா கடல் கடலாவா இருக்கும்? நீங்களே சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதான் சார். தப்பாச் சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள மாத்திடறேன்."

"விருது?"

"நாப்பது நிமிஷம் தவிக்க விட்டதுக்கா?" என்றாள். அவர் மேற்கொண்டு என்ன சொன்னார் என்று கேட்க நிற்கவில்லை.

கருவி அறைக்கு வெளியே, பழைய அலமாரிகளுக்கு நடுவில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். உள்ளேயிருந்து நீராவி புஸ்ஸென்று கிளம்புகிற சத்தம். கதவின் வட்டக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. நாத்தனார் கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அவள் உட்கார்ந்தாள். நாத்தனார் சொன்னது பொய்யில்லை. கேள்வி வருவதற்குள் பதில் விழுந்தது. ஒரே ஒரு பிசகு கிடையாது. பன்னிரண்டு திரைகளும் எட்டு நிமிடத்தில் ஓடிவிட்டன.

கடல் வந்தது.

அவள் பெற்ற கடல்தான், ஆனால் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கரை இல்லை. திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரைக்கும் தண்ணீர். பழக்கதோஷத்தில் உள்ளே போய்விட்டாள். காலடியில் ஈரம் குளிர்ந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் பெண்கள் வரிசைவரிசையாகத் தண்ணீர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையும் மடியில் இருந்தது. பஸ்ஸில் கண்ட அதே முகங்கள். அன்றைக்கு ரசிக்கிறார்கள் என்று நினைத்தாளே, அவர்கள், யாராவது வந்து 'போகலாம்' என்று சொல்ல மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போனால் வெளியே போகலாம் என்று அவளுக்கே தெரியவில்லை. இந்தத் தடவை யாரும் தோளைத் தொட்டு எழுப்பவில்லை, அவளாகத்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

நாத்தனார் மவுஸை நகர்த்தக் கை நீட்டினார்.

"இருங்க அண்ணி. இப்பத் தள்ள வேண்டாம். இதைப் பண்ணினது நான்."

"எதை?"

"இந்தப் பாடத்தை. இந்தக் கடலை. பட்டனைக் கீழே கொண்டுபோய் வெச்சது நான்தான். படம் அழகா இருக்கணும்னு வெச்சேன். என் ஆபீஸ்ல பெரிய திரை, அதுல தெரிஞ்சுது. இந்த மாதிரி சின்னத் திரையில வெச்சு ஒரு தடவைகூடப் பாக்கல. நேத்தே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துது."

நாத்தனார் மெதுவாகத் திரும்பினார். இருபத்திரண்டு வருஷக் காரம் மொத்தமும் முகத்தில் ஏறியது.

"அடிப்பாவி! என் வீட்டுலயே உக்காந்து, என் கையால டீயும் குடிச்சுக்கிட்டு, என்னை மூணு தடவை இந்தத் தண்ணிக்கு முன்னாடி உக்கார வெச்சியா?"

"ஆமா அண்ணி."

"உனக்குக் கண்ணு எங்க இருந்துது? வேலை செய்யறவ எப்படி வேலை செய்வான்னு ஒரு எட்டு வந்து பாக்கமாட்டியா? நாங்க ஒரு தட்டைக் கட்டினா, பிரிக்கிறவன் கைக்கு எது முதல்ல வேணும்னு பாத்துத்தான் அடுக்குவோம். எங்க கண்ணுக்கு அழகா இருக்கான்னு பாக்கமாட்டோம்."

"தப்புதான் அண்ணி. உங்களை மாதிரி முன்னூத்திப் பன்னண்டு பேர் இங்கயே நின்னிருக்காங்க. பதிவுல பாத்தேன். இன்னிக்கே மாத்திடறேன்."

"எத்தனை பேர்?"

"முன்னூத்திப் பன்னண்டு."

நாத்தனாருக்குத் திட்ட வேண்டிய பாக்கி நிறைய இருந்தது. கடலைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பிறகு இவள் முகத்தையே பார்த்தார். உள்ளே நீராவி அடங்கியது. அந்த நிசப்தத்தில் அவர் குரல் ஒரு சின்னப் பெண்ணின் குரல் மாதிரி வந்தது.

"அப்போ... எனக்கு எங்கம்மா மாதிரி இல்லையா?"

"இல்ல அண்ணி. உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"இன்னொரு தடவை சொல்லு."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. தப்பு என் மேல."

நாத்தனார் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. ஒரு மாதமாக அடுப்பையும் கதவையும் காவல் காத்த மனுஷி, அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார் துணிக்குள்ளிருந்து.

அவள் சொன்னாள். இந்தத் தடவை அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.